அப்பாவைச் சம்மதிக்க வைத்தல்

ஜூலை 6, ஞாயிறு

காலை பஸ்ஸில் திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி வந்து சேர்ந்தேன். கல்லூரியில் லீவு சொல்லியாயிற்று. திருத்தாத விடைத்தாள் கட்டையும் தூக்கி வந்திருக்கிறேன். சட்டக் கல்லூரியில் தர்க்கம் எடுக்கிறவளுக்கு லீவிலும் அடுத்தவர் பிழையைத் தேடுவதுதான் பிழைப்பு.

அப்பாவுக்குச் செருப்புக் கடித்த புண் என்று தம்பி கில்பர்ட் போனில் சொல்லியிருந்தான். செருப்புக் கடியில் இந்த வாடை வராது. வலது காலில் இரண்டாம் விரல் கறுத்து, பக்கத்து விரலும் நிறம் மாறிக் கிடக்கிறது. சர்க்கரை. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். கில்பர்ட் அப்பாவைப் பார்த்தான். அப்பா ஃபேனைப் பார்த்தார்.

அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

ஆஸ்பத்திரி. டாக்டர் ஷர்மதா சின்னப் பெண், முப்பதைத் தாண்டியிருக்க மாட்டாள். ரத்த ஓட்டத்தைப் பரிசோதித்துவிட்டு, இரண்டு விரல்களை இந்த வாரமே எடுத்துவிட வேண்டும் என்றாள். தள்ளிப்போட்டால் மேலே ஏறும்.

"யோசிச்சுச் சொல்லுதேன் டாக்டரம்மா" என்றார் அப்பா. ஆட்டோவில் வாயே திறக்கவில்லை.

அப்பாவைத் தெரியாதவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. தொபியாஸ் பர்னாந்து துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அதைவிட, தொழிற்சங்கத்தில் பேசியவர். கேட் மீட்டிங்கில் ஸ்டூல் மேல் ஏறி அவர் பேசினால், வேலைக்குப் போக நின்றவர்கள் வெளியே வருவார்கள். வெளியே நின்றவர்கள் வேலைக்குத் திரும்புவார்கள். அவரிடம் வாதத்தில் ஜெயித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தார்.

"எங்கூட கிரேன் ஓட்டுன பிரான்சிஸ் காலை எடுத்தான். எடுத்து ஆறு மாசத்துல போயிட்டான்."

"அவருக்கு கிட்னி கெட்டுப்போச்சுப்பா. கால் எடுத்ததால போகல."

"இவனுவளுக்கு வெட்டுறதுதான் தொழிலு. வேற என்ன சொல்லுவான்?"

"சொல்றவன் யாருங்கிறத விடுங்க. சொன்னது சரியா தப்பா?"

"வெட்டணும், இல்ல சாவணும். ரெண்டே வழிதானா ஒலகத்துல?"

ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். அப்பா சளைக்கவில்லை, நானும் சளைக்கவில்லை. கில்பர்ட்டின் மனைவி சகாயராணி நடுவில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, ஆறிய பிறகு எடுத்துப்போனாள். கடைசியில் அப்பா ஒன்று சொன்னார்:

"உங்கம்மாவும் நடந்துதான் உள்ள போனா."

அம்மா போய் நான்கு வருஷமாகிறது. பித்தப்பை ஆபரேஷன், மயக்கம் தெளியவே இல்லை. ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தால், முன்னது பின்னதுக்குக் காரணம் என்று நினைப்பது முதல் செமஸ்டரிலேயே நான் நடத்துகிற பிழை. அப்பாவிடம் அதைச் சொன்னேன்.

சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் பிழை பிழைதான்.

ஜூலை 9, புதன்

வஞ்சிர மீன் வாங்கி வந்தேன், நல்ல துண்டு. திரும்பி வந்தால் வீட்டில் அப்பாவும் இல்லை, கில்பர்ட்டும் இல்லை. அவனுக்குக் கப்பல் சரக்கு கிளியரிங் ஆபீசில் வேலை. வார நாளில் லீவு போடுகிறவன் இல்லை. மதியத்துக்கு மேல் இருவரும் ஸ்கூட்டரில் வந்தார்கள்.

"எங்க போனீங்க?"

"சும்மா. அப்பாவுக்குக் காத்து வாங்கணும்னாவ."

காற்று வாங்கப் போனவரின் காலில் பச்சையாக ஏதோ அரைத்துக் கட்டியிருக்கிறது. வேப்பெண்ணெய் வாடை கூடமெல்லாம் அடிக்கிறது. நான் கேட்கக் கேட்க கில்பர்ட் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். ஏற்கனவே சுத்தமாக இருந்த ஸ்கூட்டர்.

மீனை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஜூலை 11, வெள்ளி

அந்தப் பச்சிலை கட்டிய வைத்தியரிடம் மறுபடியும் கிளம்பினார்கள். நானும் வருவேன் என்று பிடிவாதமாக வாடகைக் காரில் ஏறிக்கொண்டேன். ஆற்றங்கரையை ஒட்டி ஒரு ஊர். வைத்தியர் பெயர் மாடக்கண்ணு. நான் எதிர்பார்த்த ஆள் இல்லை. காவி இல்லை, போர்டு இல்லை, சுவரில் போட்டோ இல்லை. காசுகூட வாங்குவதில்லை. காசு வாங்கியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். வாங்காததால் சந்தேகம் கூடிப்போனது. வேறு என்ன லாபம் இவருக்கு?

"எத்தனை பேருக்குக் கொணமாக்கியிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"நெறையப் பேருக்கும்மா."

"குணமாகாதவங்க?"

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "தெரியாதும்மா. கொணமாகாதவிய திரும்பி வாறதில்லல்லா."

இதைவிடச் சுத்தமான வாக்குமூலம் எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது. வெற்றியோடு அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் காலை நீட்டிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நான் வந்த நாளிலிருந்து அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதியைப் பார்க்கவில்லை. வைத்தியர் பேசாமல் கட்டை அவிழ்த்தார், பேசாமல் கட்டினார். "சரியாகும்" என்றுகூடச் சொல்லவில்லை.

கில்பர்ட் வாசலில் யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தான். நான் கிட்டே போனதும் "பொறவு கூப்பிடுதேன்" என்று வைத்துவிட்டான்.

ஜூலை 12, சனி

விடைத்தாள். ஒரு பையன் எழுதியிருக்கிறான்: "குற்றம் சாட்டப்பட்டவர் மறுத்துப் பேசவில்லை. ஆகவே அவர் ஒப்புக்கொண்டார் என்று கொள்ளலாம்." சிவப்பு மையில் அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினேன்: மௌனம் சாட்சியம் ஆகாது. பூஜ்யம்.

கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூலை 13, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் கில்பர்ட்டை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சகாயராணியைக் கீழே போகச் சொன்னேன்.

"அப்பாவை அந்த ஆள்கிட்ட கூட்டிட்டுப் போனது நீதான?"

மாடிச் சுவரில் கையை ஊன்றித் தெருவைப் பார்த்தான்.

"ஆபரேஷன்னா ஆஸ்பத்திரிக்கு அலையணும், ராத்திரி முழிக்கணும், நடக்க முடியாதவரை வீட்ல வச்சுப் பாக்கணும். அதுக்குப் பயந்துதான இந்தப் பச்சிலைக்குத் தள்ளுற?"

"நீ அப்படியா நெனக்க?"

"வேற எப்படி நெனக்க? நீ ஒரு வார்த்தை அவர்கிட்ட சொன்னியா, ஆபரேஷன் பண்ணுங்கன்னு?"

கொடியில் கிடந்த துண்டை எடுத்து மடித்தான். அவ்வளவுதான். இறங்கிப் போய்விட்டான்.

மறுக்கவில்லை. இதற்குமேல் என்ன வேண்டும்?

ஜூலை 15, செவ்வாய்

மோட்டார் ரிப்பேர். தண்ணீர் இல்லை. கில்பர்ட்டோடு பேச்சு இல்லை.

ஜூலை 17, வியாழன்

நேரடி வாதம் எடுபடாத இடத்தில் உதாரணம் எடுபடும். பழைய சிநேகிதி மூலமாக ஒரு ஆட்டோ டிரைவரைப் பிடித்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் மூன்று விரல்களை எடுத்தவர், இன்று ஆட்டோ ஓட்டுகிறார். வீட்டுக்கு வரவழைத்தேன். வந்தார், ஷூவைக் கழற்றிக் காட்டினார், கூடத்தில் இரண்டு நடை நடந்தும் காட்டினார். "பயப்படாதீங்க ஐயா, எறும்புக் கடி மாதிரிதான்."

அப்பா அவருக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தார். அவர் போனதும் என்னைப் பார்த்துச் சிரித்தார். இந்த முறை வந்ததிலிருந்து முதல் சிரிப்பு.

"நல்ல ஆளாத்தான் புடிச்சிருக்க. கேட் மீட்டிங்குக்கு நானும் இப்படித்தான் ஆள் கொண்டு வருவேன். கையில கட்டுப் போட்டவன் ஒருத்தன், கைப்புள்ளையோட ஒருத்தி."

"அவர் சொன்னது பொய்யில்லப்பா."

"நான் கொண்டு வந்தவனுவளும் பொய் சொன்னதில்ல மக்ளே."

என் முகம் சூடானது. வைத்தியரிடம் நான் கேட்ட கேள்வியை அப்பா என்னிடம் கேட்டிருக்கலாம்: விரலை எடுத்தும் குணமாகாத ஆளை ஏன் கூட்டி வரவில்லை? கேட்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

விடியும் முன்பே விழித்துவிட்டேன். பின்கட்டில் பேச்சுக் குரல். போய்ப் பார்த்தால் வெள்ளைச் சேலையில் ஒரு பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புகிறாள். கில்பர்ட் கதவைத் திறந்து பிடித்திருக்கிறான். என்னைக் கண்டதும் இருவரும் நின்றுவிட்டார்கள்.

நான் என்ன நினைத்தேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஒரு நிமிஷம்தான் நினைத்தேன்.

அந்தப் பெண் முத்துச்செல்வி. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினமும் டியூட்டிக்குப் போகும் வழியில் வந்து அப்பாவின் புண்ணைக் கழுவி, செத்த தோலை வெட்டி, ஊசி போட்டுவிட்டுப் போகிறாளாம். அன்றைக்கு வைத்தியர் வீட்டு வாசலில் கில்பர்ட் போனில் பேசியதும் இவளிடம்தான்.

"இது இல்லன்னா இதுக்குள்ள பாதம் பூராம் போயிருக்கும்க்கா" என்றாள். "ஆனா நான் கழுவி மட்டும் நிக்காது. தம்பிகிட்ட தெனமும் சொல்லுதேன்."

கில்பர்ட் உள்ளே போய்விட்டான். சகாயராணிதான் அடுக்களையில் இட்லி ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"நீங்க மீன் வாங்கப் போன அன்னிக்கு, வைத்தியர்ட்ட போறேன்னு மாமா தனியா பஸ்ஸுக்குக் கெளம்பிட்டாவ மைனி. வீங்குன காலோட. இவிய பின்னாலேயே ஓடுனாவ. 'நான் கூட்டிட்டுப் போறேன், ஆனா காலைல நர்ஸ் வந்து கழுவ விடணும்'னு பேசி முடிச்சாவ. 'நர்ஸ் வாறது டெல்பினுக்குத் தெரியக் கூடாது, அவ என்னைப் பேசியே கொன்னுருவா'ன்னு மாமா சத்தியம் வாங்கிட்டாவ."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அவன்?"

"சொன்னா நீங்க நம்பியிருப்பீயளா?"

இட்லிச் சட்டியை மூடினாள். பிறகு மெதுவாக, "ஆபரேஷன் பண்ணுங்கன்னு மாமாகிட்ட இவியளால சொல்ல முடியாது மைனி. அத்தைகிட்ட ஆபரேஷனுக்கு மொத நாள் மாமா பேசும்போது இவிய வெளிய வராண்டாவுல நின்னு கேட்டாவ" என்றாள்.

"என்ன பேசினார்?"

"மாமாகிட்டயே கேளுங்க."

எனக்கு அன்று திருநெல்வேலியில் தேர்வு டியூட்டி. ஆபரேஷன் அன்று காலைதான் வந்து சேர்ந்தேன்.

சகாயராணி முழுசாகச் சொல்லவில்லை, எதையோ மறைக்கிறாள் என்று முதலில் தோன்றியது. பிறகுதான், இந்த வீட்டில் எல்லோரையும் பற்றி எனக்கு அப்படியே தோன்றிக்கொண்டிருக்கிறது என்பது உறைத்தது.

ஜூலை 21, திங்கள்

கில்பர்ட்டிடம் மன்னிப்புக் கேட்டேன். வாசலில் டிபன் பாக்ஸை ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"விடுக்கா" என்றான். "அப்பாவ எப்படியாவது சரிக்கட்டு. என்னால முடியல."

என்னாலும் முடியாது என்று சொல்லவில்லை.

ஜூலை 23, புதன்

காய்ச்சல். அப்பா காலையில் குளிரில் நடுங்கினார். கணுக்காலுக்கு மேல் சிவப்பு ஏறியிருக்கிறது. நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, எடுத்தவுடன், "அம்மாகிட்ட அன்னிக்கு என்னப்பா பேசினீங்க?" என்று கேட்டேன்.

போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். பிறகு சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"அவளுக்கு இஷ்டமே இல்ல. 'மாதா கோயில் திருவிழா முடியட்டும், பொறவு பாக்கலாம், எனக்கு என்னமோ பயமா இருக்கு'ன்னா. பயத்துக்குக் காரணம் சொல்லத் தெரியல அவளுக்கு. எனக்குப் பேசத் தெரியும்லா. ஒண்ணொண்ணா எடுத்து ஒடச்சேன். 'பயம் ஒரு காரணமாட்டி? அடுத்த வீட்டுக்காரி பண்ணிக்கிடலையா? நாளைக்கு வலி வந்தா புள்ளைய அலையுமே, அத நெனச்சியா?' அப்படியே அடுக்கிட்டே போனேன். ஸ்டூல் மேல நின்னுகூட நான் அப்படிப் பேசுனதில்ல மக்ளே. கடைசில அவ, 'சரி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்'னா."

"அப்பா..."

"எனக்குப் பெருமையா இருந்துச்சு. ஜெயிச்சிட்டேன்னு."

காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அதான் நல்லாப் பேசுறவியள நான் நம்புறதில்ல. நீ நல்லாப் பேசுத. என்னைப் போலவே பேசுத. அந்த வைத்தியனுக்குப் பேசவே வரல."

என்னிடம் பதில் இருந்தது. ஆபரேஷனில் ஆயிரத்தில் ஒருவருக்கு அப்படி ஆகும், அது உங்கள் பேச்சால் ஆனதில்லை, முன்னது பின்னதுக்குக் காரணமாகாது. முழு வகுப்பே இருந்தது நாக்கில். போன முறை அதைத்தான் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன்.

இந்த முறை துணியை நனைத்து நெற்றியில் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஆஸ்பத்திரிக்குப் போய் காய்ச்சலுக்கு மட்டும் பாக்கலாம்ப்பா. வெட்டுறதப் பத்தி நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

கில்பர்ட் தூக்கிக் காரில் உட்கார வைத்தான்.

ஜூலை 24, வியாழன்

டாக்டர் ஷர்மதா முதலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். விரல் கட்டம் தாண்டிவிட்டது; முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், இன்றோ நாளையோ. "முதல் தடவை வந்தப்பவே சம்மதிச்சிருந்தா?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். "விரலோட போயிருக்கும்னுதான் நெனக்கிறேன் மேடம்" என்றாள்.

பிறகு அப்பாவிடம் வந்தாள். கில்பர்ட் கால்மாட்டில் நின்றான். நான் சத்தியத்தைக் காப்பாற்ற ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

"இத வெட்டுனா பொழைப்பேன்னு சொல்லுவியளா டாக்டரம்மா?"

"சொல்ல மாட்டேன் ஐயா."

அப்பா தலையைத் தூக்கினார். "சொல்ல மாட்டியளா?"

"வெட்டலைன்னா விஷம் ரத்தத்துல ஏறும். அது தெரியும், நிறையப் பாத்திருக்கேன். வெட்டினா... உங்க ஹார்ட் கொஞ்சம் வீக்கா இருக்கு. மயக்கம் குடுக்கிறதுலயே ரிஸ்க் இருக்கு. அப்புறம் காயம் ஆறணும், ஆறாட்டா மறுபடியும்..." நிறுத்தினாள். தூக்கமில்லாத கண். "எனக்கு இத எப்படிச் சொல்றதுன்னு தெரியல ஐயா. பயமாத்தான் இருக்கும். எனக்கும் இருக்கு."

நான் பதறிப்போனேன். ஒரு நோயாளியிடம் டாக்டர் பேசுகிற பேச்சா இது? ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாளே. வாயைத் திறக்கப்போனேன். கில்பர்ட் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை லேசாக ஆட்டினான்.

அப்பா அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார்.

அவள் போனதும் என்னைக் கிட்டே கூப்பிட்டார். "அந்தப் புள்ளைக்குப் பேசத் தெரியல மக்ளே. அதான் போட்டேன்."

இதுவும் காரணமாகாது. பேசத் தெரியாதவர் எல்லாம் உண்மை சொல்பவர் என்று எங்கே இருக்கிறது? விடைத்தாளில் யாராவது எழுதியிருந்தால் அடித்திருப்பேன். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஜூலை 25, வெள்ளி

முடிந்தது. கண் திறந்தார். கில்பர்ட் வராண்டாவில் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதான்.

ஜூலை 28, திங்கள்

இல்லாத விரலில் வலிக்கிறது என்கிறார். கட்டுப் போட்ட இடத்துக்குக் கீழே, வெறும் படுக்கையைக் காட்டி "இங்கதான்" என்கிறார். முத்துச்செல்வி டியூட்டி முடிந்து வந்து பார்த்தாள். அப்படித்தான் இருக்கும், பொய்யில்லை என்றாள். கல்லூரிக்கு லீவு நீட்டிக் கேட்டிருக்கிறேன். அந்தப் பையனின் விடைத்தாளை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். மதிப்பெண்ணை மாற்றவில்லை, அவன் எழுதியது தப்புதான். ஓரத்தில் நான் எழுதிய 'மௌனம் சாட்சியம் ஆகாது' என்பதை மட்டும் இரண்டு தடவை வாசித்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

காலையில் வாக்கரைப் பிடித்துக் கொஞ்ச நேரம் நின்றார். கட்டிலில் திரும்ப உட்கார்ந்ததும் வேர்த்துவிட்டது. கில்பர்ட் காப்பி வாங்கக் கீழே போயிருந்தான். அறையில் நாங்கள் இருவர் மட்டும்.

"டெல்பின், ஒண்ணு கேப்பேன். மொதல்லயே சரின்னு சொல்லியிருந்தா வெறும் வெரலோட போயிருக்குமா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பதிலைத் தயாராகவும் வைத்திருந்தேன்.

"அப்படிச் சொல்ல முடியாதுப்பா. நடக்காத ஒண்ணப் பத்தி யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது."

தலையாட்டினார். காலின் கட்டைத் தடவிக்கொடுத்தார்.

"அப்போ உங்கம்மா? நான் பேசாம இருந்திருந்தா இருந்திருப்பாளா?"

"அதுவும் சொல்ல முடியாதுப்பா."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். எதிர்த்தரப்பின் பேச்சில் ஓட்டை இருக்கும் இடத்தைக் கண்டுகொண்ட, கேட் மீட்டிங் பார்வை.

"ரெண்டுக்கும் ஒரே பதிலு வச்சிருக்க."

கட்டில் விரிப்பின் சுருக்கத்தை இழுத்து நேராக்கினேன்.

"மொதப் பதிலு எனக்காகச் சொன்னது. அப்ப ரெண்டாவத மட்டும் நான் எப்படி நம்புவேன்?"

சரியான கேள்வி. இத்தனை வருஷத்தில் என் வகுப்பில் எவனும் கேட்காத கேள்வி. அம்மாவைப் பற்றி நான் சொன்னது உண்மை. ஆனால் அதைப் பொய்யின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது நான். அதை மீட்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. அது அவரை அறுக்கும் என்றும் தெரிந்தது.

"வெரலோட போயிருக்கும்ப்பா" என்றேன். "டாக்டர்கிட்ட கேட்டேன். நீங்க மொத வாரமே ஒத்துக்கிட்டிருந்தா காலு இருந்திருக்கும்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு ஏறி இறங்கியது. வாக்கரின் பிடியில் இருந்த விரல்கள் வெளுத்தன. செய்யக் கூடாததைச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். எழுந்து நர்ஸைக் கூப்பிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"உங்கம்மா?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"தெரியாதுப்பா. நெசமாவே தெரியாது. யாருக்கும் தெரியாது."

இமைகளின் ஓரத்தில் நீர் கசிந்து கன்னத்தில் இறங்கியது. துடைக்கவில்லை. நானும் துடைக்கவில்லை. வராண்டாவில் யாரோ ஸ்ட்ரெச்சரை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"சரி" என்றார் அப்பா. வெகுநேரம் கழித்து இன்னொரு முறை, யாருக்கோ சொல்வதுபோல, "சரி."

கில்பர்ட் காப்பியோடு உள்ளே வந்தான். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னப்பா?"

அப்பா கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பத்து நாள் தாடி.

"ஷேவிங் செட்டு கொண்டாந்தியால? எடு. மூஞ்சியக் கழுவணும்."